செவலை சாப்பிடும் நேரம்

போன வருஷம் மாசியிலிருந்து தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல்கணக்குப் பிரிவில் இரத்தினம்மாவின் செவலைப் பசுவின் மேல் மட்டுமே மழை பெய்கிறது. ஒரு பாய் விரிக்கும் அகலந்தான். பக்கத்தில் நிற்பவருக்குத் தூறல்கூட இல்லை. செவலைக்கோ நனைவது அறவே பிடிக்காது. அது சரிவு சரிவாக ஓடும், மழையும் விடாமல் பின்னால் ஓடும். ஓடிய வழியெல்லாம் நாலே நாளில் புல் முளைக்கும்.

தேயிலை கைவிட்ட அந்த மலையில் பதினொரு வீட்டு மாடுகள் மேய்கின்றன. முன்பும் அங்கே மழை சொல்லிவைத்து வந்ததில்லை என்பதால் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தச் சரிவில் பெய்தாலும் புல் எல்லாருக்கும். ஆனால் புதுப்புல் உள்ள இடத்தில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் பதினைந்து நாளைக்கு ஒரு மாடும் மேயக்கூடாது. துணி கட்டுபவர் மரியநாயகம். தன் மாடு தாண்டினால் தன்னையே நாள் முழுக்க ஏசிக்கொள்ளும் மனுஷர்.

அந்த ஒழுங்கில் மற்றப் பத்து வீட்டு மாடுகளும் கொழுத்தன. செவலைக்கு மட்டும் குனிந்து மேய நேரமில்லை. கொட்டிலில் கட்டிப் பார்த்தார்கள். கூரைக்குள்ளும் பெய்து, போட்ட புல் வெள்ளத்தில் போனது. விலா எலும்பை எண்ணலாம் என்றானதும், கவனிக்க ஆளுண்டு என்று வத்தேகமவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கே அதை ஓட்டிப்போக இரத்தினம்மா கிளம்பிவிட்டாள்.

"அக்கா, நீங்க போனா மழையும் போயிருமே! அப்புறம் எங்க மாடுங்க?" என்று மரியநாயகம் பதறினார்.

"ஒங்க மாடெல்லாம் வயிறு முட்டத் திங்குது. எம்புள்ள சாகுதே தம்பி, நான் என்னா செய்ய?" இரத்தினம்மா நடுப்பாதையில் உட்கார்ந்து அழுதாள்.

மூன்று மாடு வைத்திருக்கும் பெற்றீசியாதான், "புல்லு பொதுன்னா பசியும் பொதுதானே? வெக்கங்கெட்ட சனம் நம்ம!" என்று சொல்லிப் புல் அறுக்கப் போனாள்.

மறுநாளிலிருந்து நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்தார்கள். நனையாமல் தலையில் தார்ப்பாய்ப் படங்கைப் போட்டுக்கொண்டு, செவலையோடு கூடவே ஓடி ஊட்டவேண்டும். மரியநாயகம் முதல் நாளே வழுக்கிச் சாணியில் உட்கார, லயத்து வரிசை வீட்டுச் சனமே கூடி நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. அடடா, எத்தனை மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு!

ஒன்பதாம் நாள் பெற்றீசியா மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். செவலையும் நின்று, அவள் கைப்புல்லை மென்றது. மழையும் நின்றது. புல்லுக்கட்டு தீரும்வரை காத்திருந்துவிட்டுப் பிறகு பிடித்துக்கொண்டது.

"சாப்பிடுற வாயை யாரு தொந்தரவு பண்ணுவா?" என்றாள் இரத்தினம்மா. வத்தேகமப் பேச்சு அதன்பிறகு எழவில்லை. இப்போது தினமும் பத்து மணிக்கு யாராவது புல்லோடு வருகிறார்கள், மழை நிற்கிறது, செவலையின் முதுகைத் துடைக்க இரத்தினம்மா துவாயோடு வருகிறாள்.