கடல் மேல் நடந்தவர்

என் வீட்டுக்காரர் ராக்கப்பன் கடல் மேல் நடந்துகொண்டிருந்தார். போர்ட் பிளேர் மரைன் ஹில் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்தபடி நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனில்தான். எங்கள் இருவர் போனிலும் ஒரே நடைச் செயலி இருக்கிறது. ஒருவர் நடந்ததை மற்றவர் பார்க்கலாம். நடந்த வழியைப் பச்சைக் கோடாகப் போட்டுக் காட்டும். என் கோடு அபர்டீன் பஜாரில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைவரை போய்த் திரும்பும், நடுவில் மீன் வாங்க ஒரு வளைவு. அவர் கோடு ஜெட்டியை விட்டு இறங்கி, நீலத்துக்குள் புகுந்து, தெற்கே ஹட்பே தீவுவரை போகும். அந்தத் தீவுக்குப் போகும் கப்பலில் சுக்கான் பிடிக்கிறவர் அவர். வேலை நேரம் போக மேல்தளத்தில் நடக்கிறார், கப்பலும் கூடவே நகர்கிறது, அதனால் கோடு கடலில் விழுகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், கப்பலைக் கழித்துவிட்டு அவரை மட்டும் வைத்துப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்து, தண்ணீர் மேல் அவர் பாட்டுக்குப் போகிறார். பறவைக்கோலா மீன்கள் அவர் முழங்காலுக்குக் கீழே தாவிப் பறக்கின்றன. மழை வந்தால் துண்டைத் தலையில் போட்டுக்கொள்கிறார். நடுக்கடலில் நெட்வொர்க் கிடையாது. கப்பல் கரைக்கு வந்த பிறகுதான் கோடு முழுவதும் ஒரேயடியாக வந்து சேரும். வந்ததும் "சபாஷ்" என்று அனுப்புவேன்.

இந்த நடை தானாக வந்ததில்லை. சர்க்கரை ஏறிப்போய் டாக்டர் எச்சரித்த அன்றே நான் கறாராகச் சொல்லிவிட்டேன். நடந்து சர்க்கரையை இறக்க வேண்டும், இல்லையென்றால் கரை வேலை கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். அவருக்குக் கரை என்றாலே ஆகாது. சேர்ந்தாற்போல் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் துடைத்த அலமாரியையே மறுபடி துடைப்பார்.

"என்னையக் கரையில உக்கார வைக்கிறதும் குழியில போட்டு மூடுறதும் ஒண்ணுதான் புள்ள" என்றார்.

"அப்ப நடங்க" என்றேன். எனக்கு இரக்கம் கொஞ்சம் குறைச்சல் என்று என்னைப் பெற்றவளே சொல்வாள்.

அவரும் நடந்தார். ரத்தம் எடுத்துப் பார்க்க மட்டும் "அடுத்த டிரிப் முடியட்டும், டென்ஷன் மத் லோ, கவலப்படாத" என்று தள்ளிக்கொண்டே வந்தார். வீட்டுக்குள்ளும் சாக்ஸைக் கழற்றவில்லை. கேட்டால் ஏ.சி. கேபினில் பழகிவிட்டது என்பார். அந்தப் பச்சைக் கோட்டில் நான் மயங்கிக் கிடந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். சர்க்கரை மாத்திரை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் போனை நீட்டி, "எங்க வீட்டுக்காரரப் பாருங்க, கடல்லயே நடக்குறாரு" என்று பீற்றிக்கொண்டேன்.

ஆவணி பிறந்தும் ஆடிக் காற்று ஓயாத சமயம், கடையில் என்னோடு வேலை பார்க்கும் விஜயகுமாரி ஹட்பேயில் கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்ச அழைத்தாள். அவர் கப்பலிலேயே கிளம்பினேன். துறைமுகத்தைத் தாண்டியதும் கப்பல் ஆட ஆரம்பித்தது. வாந்தி எடுத்துவிட்டு வந்து பெர்த்தில் படுத்துவிட்டேன்.

கப்பலில் எதையும் கீழே வைக்கக் கூடாது, உருண்டு ஓடிவிடும். தூக்குவாளி, பழப்பை, பிள்ளையின் பால்புட்டிப் பை எல்லாம் கொக்கியில் தொங்கும். தீவுக்காரர்கள் ஏறியதும் முதலில் தேடுவது கொக்கியைத்தான். நானும் என் கைப்பையைப் போனோடு ஜன்னல் கொக்கியில் மாட்டியிருந்தேன். எல்லாப் பைகளும் ஒரே தாளத்தில் போய்ப் போய் வந்தன. பார்த்துக்கொண்டே கண் சொருகியது.

கனவில் நானும் கடலில் இறங்கியிருந்தேன். தண்ணீர் உள்ளங்காலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. ஆனால் நான் பின்னால் வருவது அவருக்குத் தெரிந்திருந்தது, அது போதும் என்று இருந்தது. எங்களுக்குக் கீழே பவளப்பாறைகள் மெல்ல நகர்ந்தன. எங்கே போகிறோம் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

பைக்குள் போன் கிணுகிணுத்து எழுப்பியது. எடுத்துப் பார்த்தேன். இன்றைய நடையை முடித்துவிட்டேனாம், அருமையாம். கடலில் எனக்கும் ஒரு பச்சைக் கோடு விழுந்திருந்தது. வாந்தி எடுக்கப் போனதைத் தவிர நான் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. கொக்கியில் ஆடிய ஆட்டத்தைப் போன் அடிகளாக எண்ணியிருக்கிறது; நடந்தது என் பை.

குமட்டல் அப்படியே நின்றுவிட்டது. கோபம் வந்தால் எனக்கு எல்லா நோயும் தீர்ந்துவிடும். சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் கேபினுக்குப் போனேன். வழியில் ஒரு வங்காளி மாலுமி, "பாயி அந்தர் ஹை, பாபி" என்று, அண்ணன் உள்ளே இருப்பதாகக் கதவைக் காட்டினார். திறந்தேன்.

ஜன்னல் கொக்கியில் ஒரு துணிப்பை ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் அவர் போனின் வெளிச்சம் தெரிந்தது. அவர் பெர்த்தில் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி மடிமேல் வைத்து, துணி சுற்றிக்கொண்டிருந்தார். அறை முழுக்கப் புண் வாடை.

துணியை விலக்கிப் பார்த்தேன். பாதத்தின் நடுவில், கட்டைவிரல் போகும் அளவுக்குக் குழி.

"எப்ப ஆச்சு இது?"

"தெரியல. டெக்குல ஏதோ கம்பி குத்திருக்கும் போல. வலிக்கவே இல்ல புள்ள."

சர்க்கரைக்காரர்களுக்கு வலிக்காத புண்தான் காலைக் கொண்டுபோகும் என்று கவுண்டரில் நின்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். பஞ்சு உறையில் ஹட்பே கடைப் பெயர்; என் கடைக்கு வந்தால் தெரிந்துவிடும் என்று இவர் அங்கே வாங்கியிருக்கிறார்.

"பைய எப்பலருந்து நடக்க விட்டீங்க?"

அவர் தலை நிமிரவில்லை. "மொதல்ல நெசமாத்தான் நடந்தேன். கால் இப்பிடி ஆனப்புறம் ஒருநாள் போன் பையிலயே கெடந்துச்சு. ஜெட்டிக்கு வந்ததும் உன்னோட சபாஷ் வந்துச்சு. நடக்கலன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கட்டிக்கிட்டு வந்ததுலருந்து நீ எதுக்காச்சும் என்னைய சபாஷுன்னு சொல்லிருக்கியா?"

திட்ட வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவ்வளவு பெரிய கடலில் இந்த மனிதர் என் ஒரு சொல்லுக்காகப் புண்ணோடு கிடந்திருக்கிறார். எனக்கு என்மேலேயே ஆத்திரமாக இருந்தது.

"கப்பல்லருந்து எறக்கிவிட்ருவியா?" என்றார்.

"சுவர் இருந்தாத்தான் சித்திரம். கால் போயிட்டா எந்தக் கப்பலு, எந்தக் கரை? நீங்க சும்மா படுத்துக் கெடங்க, அதுக்கும் சபாஷ் சொல்றேன். எனக்கு நீங்க வேணும்."

அவர் எழுந்து, சுவரைப் பிடித்தபடி கேப்டனிடம் போனார். கரை வேலை வேண்டும் என்று அவர் வாயாலேயே சொன்னார்.

ஹட்பேயில் நான் இறங்கவில்லை. விஜயகுமாரி பால் காய்ச்சியிருப்பாள், கோபித்துக்கொண்டும் இருப்பாள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நர்ஸ் கேபினிலேயே புண்ணைக் கழுவிக் கட்டினார். போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்ததும் தாமதிக்கக் கூடாது, உள்ளே எவ்வளவு உணர்ச்சி மிச்சம் என்று பார்த்துத்தான் காலைக் காப்பாற்ற முடியுமா என்று சொல்வார்கள் என்றார். திரும்பும் வழியெல்லாம் கட்டுப் போட்ட காலை என் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் தூங்கினார். வெளியே கடல் சாம்பல் நிறமாகி, பிறகு நிறமே இல்லாமல் ஆகிவிட்டது.

ஜெட்டியில் ஆம்புலன்ஸ் நின்றது. நாலு பேர் முன்னால் என் கையைக்கூடத் தொடாதவர், படிப்பலகையில் என் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டார். மாலுமிகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒவ்வோர் அடியாக இறங்கினோம்.

"வலிக்குதா?" என்றேன்.

"இல்ல."

இன்னோர் அடி வைத்தார். நின்றார். முகம் சுருங்கியது. நகம் பதிய என் தோளைப் பிடித்தார்.

"இப்ப வலிக்குது புள்ள" என்றார்.

கட்டிய புருஷன் வலிக்கிறது என்று சொன்னதற்குச் சந்தோஷப்பட்டு அழுத பெண்டாட்டி இந்தத் தீவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.