ஓட்டை போடாத துப்பாக்கி

கிளிஞ்ச் மலையடிவாரத்தில் டில்மன் ராஸ்னிக்கைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. அவன் கைபட்ட துப்பாக்கி குறி தப்பாது என்பது ஒன்று. கோபத்தை எப்போதும் மூக்கு நுனியில் வைத்திருப்பான் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். அவன் செய்த துப்பாக்கியை யாராவது லேசாகக் குறை சொல்லிவிட்டால் போதும், ஐயாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அவன் செய்வதெல்லாம் பழைய தினுசு. குழல் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைக் கோலால் இடித்து இறக்கி, சக்கிமுக்கிக் கல் உரசிச் சுடுகிற நீளத் துப்பாக்கி. கேட்டவருக்குக் கேட்டபடி செய்வான். கேட்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. செத்துப்போன வேட்டைநாயின் முகத்தைக் கட்டையில் செதுக்கு என்பார் ஒருத்தர். பெண்டாட்டிக்குத் தெரியாமல் வெள்ளிக் கரண்டியைக் கொண்டுவந்து, இதை உருக்கிப் பதி என்பார் இன்னொருத்தர். டில்மன் முனகிக்கொண்டே செய்து கொடுப்பான். ஆனால் ஆன்சில் கில்கோர் வந்து கேட்டதைக் கேட்டபோது அவனுக்கு முனகக்கூட வாய் வரவில்லை.

ஆன்சில் சாதாரண வாடிக்கையாளர் இல்லை. ஊரில் எவனும் சீந்தாத காலத்தில் டில்மனின் முதல் துப்பாக்கியை வாங்கியவர். குறி பார்த்துச் சுட்டால் இறைச்சி பரிசு என்கிற மாட்டிறைச்சிப் பந்தயத்தில் அதைக்கொண்டே சுட்டுப் பின்னந்தொடையை ஜெயித்து, இறைச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு, "டில்மன் செஞ்சதுடா!" என்று கூவிக்கொண்டு போனவர். டில்மனின் பிழைப்பு அன்றைக்குத் தொடங்கியதுதான்.

"அந்த முதல் துப்பாக்கி மாதிரியே இன்னொண்ணு வேணும்டா. அதே மேப்பிள் கட்டை, அதே எடை, கட்டையில பதிச்ச அதே பித்தளைப் பெட்டி. விசை இழுத்தா அதே மாதிரி இருக்கணும்" என்றார் ஆன்சில். "தீத்துளை மட்டும் போடாதே."

டில்மன் அவர் பக்கத்தில் போய் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். "என்ன மாமா, காலையிலேயே சோளச் சாராயமா?"

"அதை விட்டு ரொம்ப நாளாச்சு. சொல்றதைக் கேளு."

தீத்துளை என்பது குழலின் பக்கவாட்டில் போடுகிற பொடி ஓட்டை. கல் உரசி, குழலுக்கு வெளியே இருக்கிற சின்னக் கிண்ணத்து மருந்து பற்றினால், அந்தத் தீ உள்ளே போவதற்கு அது ஒன்றுதான் வழி. அது இல்லாவிட்டால் பொறி பறக்கும், புகை வரும், குண்டு மட்டும் வராது.

"எனக்கு மறதி வந்துடுச்சுடா. டாக்டர் அதுக்கு ஒரு பேர் சொன்னாரு, அதையும் மறந்துட்டேன்" என்று சிரித்தார் ஆன்சில். பிறகு சிரிப்பு நின்றது. "போன மாசம் பொழுது சாயுற நேரம், கோழிக்கூட்டாண்ட எவனோ நிக்கிறான்னு துப்பாக்கிய நீட்டிட்டேன். ஆர்ஃபாடா. முட்டை எடுக்கப் போனவ. இத்தனை வருசம் கூட வாழ்ந்தவள எனக்கு அடையாளம் தெரியல. என் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு அசையாம நின்னா. அப்புறம்தான் எறக்கினேன்."

டில்மன் கையில் இருந்த அரத்தைக் கீழே வைத்தான்.

"துப்பாக்கியெல்லாத்தையும் அவ தம்பி வீட்டுக்கு அனுப்பச் சொன்னது நான்தான். ஆனா அதையும் மறந்துட்டு, என் துப்பாக்கி எங்கடீன்னு வீட்டையே புரட்டிப் போடுறேனாம். அவளைத் திருடின்னு ஏசுறேனாம். பாவம்டா அவ."

"ஒரு பொம்மைத் துப்பாக்கி..."

"அறைஞ்சேன்னா! மூளைதான் போகுது, கை போகலை. தொட்டதும் கை சொல்லிடும்."

"சரி, பழசோட ஓட்டையை அடைச்சுத் தரேன்."

"அது பேத்திக்கு. அவ சுடணும். அதைக் கொல்ல விடமாட்டேன்." கிழவர் நாற்காலியை இழுத்துப் போட்டு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். "நல்லாக் கேட்டுக்க. ஒரு நாள் நானே வந்து ஓட்டை போடுடான்னு கத்துவேன். ஊரைக் கூட்டி உன்னைத் திட்டுவேன். அப்பவும் போடக்கூடாது. ஏன்னு யாருக்கும் சொல்லவும் கூடாது. பொண்டாட்டியச் சுடப் போனவன்னு ஊரு என்னைப் பேச வேணாம். உனக்கும் ஆர்ஃபாவுக்கும் தெரிஞ்சா போதும்."

"உங்ககிட்டயே சொல்லக் கூடாதா?"

"எனக்குத் தெரிஞ்சுட்டா அது துப்பாக்கி இல்லடா, வெறும் விறகு."

டில்மன் தலையாட்டினான். எழுந்து வாசல்வரை போன ஆன்சில் திரும்பிப் பார்த்தார். "குழல் மேல உன் பேரை வெட்டணும். பெருசா. பேரு இல்லேன்னா அது உன்னோடதுன்னு நம்பமாட்டேன்."

அங்கேதான் டில்மனுக்கு உதைத்தது. சுடாத துப்பாக்கியில் அவன் பேரா? சுட்டுப் பார்க்காமல் ஒரு துப்பாக்கியைக்கூட அவன் பட்டறையைவிட்டு வெளியே அனுப்பியதில்லை. குளிர்காலம் முழுக்கக் கட்டையைச் செதுக்கும்போதும் இதே நினைப்பு மண்டையைக் குடைந்தது. வேலையிலோ குறை வைக்க மனசு வரவில்லை. ஆர்ஃபாவின் தம்பி வீட்டிலிருந்து முதல் துப்பாக்கியை வாங்கிவந்து, அதில் தெரியாத்தனமாக விட்ட பிசிறுகளைக்கூடத் தேடிப்பிடித்து அப்படியே செய்தான். கன்னம் பதிகிற இடத்தில் அந்தக் காலத்தில் உளி வழுக்கி விழுந்த கீறல் ஒன்று இருந்தது. அதையும் வெட்கத்தோடு வெட்டினான்.

முடித்த பிறகு தோளில் வைத்து விசையை இழுத்தான். பொறி அழகாகப் பறந்தது. இவ்வளவு நல்ல குழல் ஒரு குண்டைக்கூடப் பார்க்கப்போவதில்லையே! ஓட்டை போடுகிற துளையாணி கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. அவன் அதை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு தன் பேரை வெட்டினான்.

கொண்டுபோய்க் கொடுத்த அன்றைக்கு ஆன்சிலுக்கு எதுவும் நினைவில்லை. துப்பாக்கியை வாங்கினார். கட்டைவிரல் நேராகப் போய் அந்தக் கீறலில் உட்கார்ந்தது. "பாத்தியாடி, எங்கயும் போகலை!" என்றார் பெண்டாட்டியிடம். ஆர்ஃபா உள்ளே போய், அடுப்படியில் திரும்பி நின்று அழுதாள். டில்மனுக்குத் தட்டு நிறைய அவரைக்கொட்டையும் சோள ரொட்டியும் வந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் திருடி என்ற பேச்சு இல்லை.

இலையுதிர் காலம் வந்தது, மாட்டிறைச்சிப் பந்தயமும் வந்தது. டில்மன் தன் புதுத் துப்பாக்கிகளைப் பலகையில் அடுக்கி வைத்திருந்தான். நாலைந்து பேர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஆர்ஃபாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆன்சில் வந்தார். தோளில் துப்பாக்கி. வேடிக்கை பார்க்க என்றுதான் ஆர்ஃபா கூட்டிவந்தாள். சுடுகிறவர்கள் நிற்கிற கோட்டைப் பார்த்ததும் கிழவர் கையை உதறிக்கொண்டு போய் நின்றுவிட்டார். பழைய சூரரைத் தடுக்க யாருக்கு மனசு வரும்? எல்லோரும் கைதட்டினார்கள்.

பக்கத்தில் நின்றவர் நீட்டிய மருந்தைக் கொட்டினார், குண்டை இடித்தார், கிண்ணத்தில் மருந்து தூவினார். கை ஒன்றையும் மறக்கவில்லை. கன்னத்தைப் பதித்து, மூச்சைப் பிடித்து, விசையை இழுத்தார்.

புஸ்ஸென்று ஒரு புகை. அவ்வளவுதான்.

மறுபடி தூவினார். மறுபடி புஸ். மூன்றாவது தடவை யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டெல்மர் ஸ்டிடம் முன்னால் வந்தான். அவனும் துப்பாக்கி செய்கிறவன்தான், டில்மன் பேரைக் கேட்டாலே அவனுக்கு வயிறு எரியும். ஊசிக்கம்பியால் கிண்ணத்தின் ஓரத்தைக் குத்திப் பார்த்தான். மறுபடி குத்தினான். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

"டேய், எல்லாரும் வாங்கடா! இதுல ஓட்டையே இல்லடா! டில்மன் மாப்ள, பேரை மட்டும் முழ நீளத்துக்கு வெட்டியிருக்க, ஓட்டை எங்கடா? அதுக்குத் தனியாக் காசு வாங்குவியா?"

மைதானமே சிரித்தது. பலகைப் பக்கம் நின்று விசாரித்த நாலைந்து பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆன்சில் சிரிக்கவில்லை. முகம் சிவந்து, துப்பாக்கியோடு நேராக டில்மனிடம் வந்தார். "உன்னை ஆளாக்கி விட்டவன்டா நான்! என்னையே சந்தி சிரிக்க வெச்சிட்டியே! நான் உனக்கு என்னடா துரோகம் பண்ணேன்? சொல்லுடா!"

ஒரு வார்த்தை போதும், சிரித்த வாயெல்லாம் மூடிவிடும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. கூட்டத்துக்குப் பின்னால் ஆர்ஃபா வாயைத் திறப்பது தெரிந்தது. ஊரறியச் சொல்லிவிடத்தான் போகிறாள். டில்மன் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான்.

"மறந்துட்டேன் மாமா" என்றான்.

"என்னது?"

"ஓட்டை போட மறந்துட்டேன்."

டெல்மர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். டில்மன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வாழ்நாளில் அவன் அப்படி நின்றதில்லை.

ஆன்சில் அவனையே உற்றுப் பார்த்தார். முகத்திலிருந்த கோபம் மெல்ல வடிந்தது. துப்பாக்கியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, டில்மனின் தோளில் கையைப் போட்டார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தார். பாதி மைதானத்துக்குக் கேட்கிற மாதிரிதான் ரகசியம் பேசினார்.

"அட, மறதியா? இதுக்குப் போயி ஏன்டா இப்படி நிக்கிற? எனக்கும்தான் மறக்குது. பயமாத்தான் இருக்கும், பழகிடும். நீ கவலைப்படாத. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."