கூரை போடாத நடுவீடு

உலகத்தில் எத்தனையோ பேர் வீடு கட்டினார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள், காலமும் ஆகிப் போனார்கள். அவர்கள் அத்தனை பேருடைய பெயரும் ஒன்று விடாமல் ஸெய்னுதீன் ஹாஜியாரின் காதில் வந்து விழ வேண்டுமா? உட்துறைமுக வீதியில் தன் பாட்டுக்கு வள்ளத்து எஞ்சின் சாமான் விற்றுக்கொண்டிருந்த மனிதர். அவருக்குக் காலையில் தேத்தண்ணியோடு பாவா, பகல் சோற்றோடு ஸினான், இரவு சீனி வருத்தக் குளிசையோடு ஹசன் பத்ஹி. மனிதனுக்கு விசர் வருமா, வராதா?

எல்லாம் கடைசி மகள் ஹுஸ்னியாவின் வேலை. மொறட்டுவையில் கட்டடக்கலை படித்துவிட்டு வந்தவள், தன் சீதன வீட்டுக்குத் தானே படம் கீறினாள். "என்ட மகள்தான் கீறினவள்" என்று ஹாஜியாரும் முதலில் கடைக்கு வந்தவன் போனவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். அத்திவாரம் வெட்டும்வரைதான் அந்தப் பெருமை. சுவர் எழும்பிய பிறகுதான் வீட்டின் நட்டநடுவில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்தது. சின்ன ஓட்டையா? ஒரு வள்ளத்தையே இறக்கி வைக்கலாம். மேலே கொங்கிறீட் சிலாப் இல்லை, ஓடு இல்லை, ஒரு தகரம்கூட இல்லை. அண்ணாந்து பார்த்தால் வெறும் வானம்.

"என்ன மகள் இது?"

"நடுமுத்தம், வாப்பா."

"முத்தம் வெளியில இருக்கிற சாமான். மழை பெஞ்சா?"

"பெய்யட்டும். ஜெஃப்ரி பாவா கட்டின வீடுகள்லயும் நடுவில மழை பெய்யிறதுதான். அவர் கட்டின ஒரு வீட்டை அழிய விட மனமில்லாம, கல்லுக் கல்லாக் கழட்டிக் கொண்டுபோய் வேற ஊரில திரும்பப் பூட்டி வச்சிருக்காங்க."

"நல்லதாப் போச்சு. இந்த ஓட்டையையும் கழட்டிக் கொண்டுபோகச் சொல்லு."

அவள் விடுகிறவளா? அடுத்த நாள் ஸினான் வந்தார். இஸ்தான்புல்லில் அவர் கட்டிய பெரிய பள்ளிவாசலில் விளக்குப் புகையெல்லாம் ஒரு பக்கத்துக்கு ஓடிச் சேருமாம், அந்தக் கரியில் எழுத மை செய்வார்களாம், காற்று எப்படி ஓட வேண்டும் என்று அந்த மனிதர் கட்டும்போதே யோசித்து வைத்தாராம். மை கடையிலே விற்கிறது என்றார் ஹாஜியார். பிறகு மிஸ்ர் என்கிற எகிப்திலிருந்து ஹசன் பத்ஹி. ஏழைகளுக்கு மண்ணாலேயே வீடு கட்டி, நடுவில் முற்றம் வைத்து, வெயிலுக்குக் குளிர்ச்சி கொடுத்தவர்.

"எங்கட வாப்பாவும் மண்வீட்டிலதான் இருந்தவர். அவர்ட பேரை ஒரு புத்தகத்திலயும் காணல்லையே!"

ஹாஜியாருக்கு வீடு கட்டத் தெரியாதா என்ன? மூத்த மகள் அஸ்மியாவின் சீதன வீட்டைப் படமும் இல்லாமல் பாவாவும் இல்லாமல் அவர்தான் நின்று கட்டுவித்தார். முன்னால் நாலு தூண், கலர்க் கண்ணாடி, எல்லைக்கு எல்லை சுவர். ஓர் அங்குல நிலம் வீண்போகவில்லை. அஸ்மியாவின் புருஷன் சின்ன வயதிலேயே மாரடைப்பில் மௌத்தானது அல்லாஹ்வின் நாட்டம். அதற்கு வீடு என்ன செய்யும்? வீட்டில் ஒரு குறை சொல்லச் சொல்லுங்கள், பார்ப்போம்.

இந்தத் தகப்பன் மகள் சண்டை வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கும். ஆனால் போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு, ஹுஸ்னியாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை அஸ்ஹானின் வாப்பா அப்துல் மஜீத் மூதூரிலிருந்து வீடு பார்க்க வந்துவிட்டார். அறைகளைப் பார்த்தார், குசினியைப் பார்த்தார், தலையாட்டினார். நடுவில் வந்து நின்று அண்ணாந்தார்.

"இதுக்கு எப்ப கூரை, ஹாஜியார்?"

ஹாஜியார் பாவா என்று சொல்ல வாயெடுத்து, அப்படியே விழுங்கிவிட்டார்.

"மழைக்காலத்தில என்ட மகன் குடை பிடிச்சிட்டா குசினிக்குப் போறது?" என்று அப்துல் மஜீத் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். "அடுத்த வெள்ளிக்குள்ள மூடிருவீங்கதானே? அதுக்குப் பிறகு நாள் குறிப்பம்."

மானம் போயிற்று. கலியாணமும் அந்த ஓட்டைக்குள்ளால் போய்விடும்போல் இருந்தது. மகளிடம் இனிக் கதைத்துப் பிரயோசனம் இல்லை, வாயைத் திறந்தால் இன்னும் யார் யார் மௌத்தான ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவாளோ! அந்தக் கிழமை முழுவதும் அவளுக்குக் குச்சவெளிப் பக்கம் வேலை. காலை பஸ்ஸில் போனால் பொழுதுபடத்தான் வருவாள், நேரே பழைய வீட்டுக்குத்தான் வருவாள். ஹாஜியார் மேசன் தம்பிராசாவைக் கூப்பிட்டார்.

"ஓட்டைக்கு மேல சிலாப் போடு."

தம்பிராசா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார், திருப்பிச் செருகினார். "பிள்ளையிட்டக் கேட்டனீங்களோ?"

"வீடு கட்டுறது நானா அவளா?"

"படம் கீறினது அவ, ஹாஜியார்."

"காசு குடுக்கிறது நான்!"

அதற்குமேல் மேசனுக்கு என்ன கதை? முட்டுக்கொடுத்துப் பலகை அடித்தார், கம்பி கட்டினார். வியாழக்கிழமை காலையில் கொங்கிறீட் கலக்கும் மெஷின் வந்து இறங்கியது. பலகை அடித்ததுமே வீட்டின் நடு இருண்டு போயிற்று. ஹாஜியாருக்கு மட்டும் மனம் வெளித்தது. இப்போதுதான் இது வீடு மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்.

மெஷின் சுற்றத் தொடங்கிய நேரம் வாசலில் ஓட்டோ நின்றது. இறங்கியது றுக்கியா. கலியாணம் முடித்த நாளிலிருந்து கல்லுமண் விஷயத்தில் ஒரு சொல் சொல்லாத பெண்சாதி. உள்ளே வந்தாள், ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்தாள், முட்டுக்கம்புகளுக்கு நடுவில் போட்டு அதில் இருந்தாள்.

"தம்பிராசா, மெஷினை நிப்பாட்டுங்க."

மெஷின் நின்றது. ஹாஜியார் சொல்லியிருந்தால் ரெண்டு தரம் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

"ஆர் உனக்குச் சொன்னது?" என்று கத்தினார் ஹாஜியார்.

தம்பிராசா கம்பிகளை எண்ணத் தொடங்கினார்.

"எழும்பு, றுக்கியா. தலையில விழும்."

"விழட்டும்."

"நாளைக்கு அப்துல் மஜீத் வாறார். கலியாணம் நிக்கப் போகுது. உனக்கு விளங்குதா இல்லையா? வாப்பாவும் மகளும் சண்டை பிடிச்சது காணாதெண்டு இப்ப உனக்கும் பாவா பிடிச்சிட்டாரா?"

"எனக்கு எந்தப் பாவாவையும் தெரியாது. முத்தம் கேட்டது நான்."

அந்த நேரம் பார்த்துத்தான் ஹுஸ்னியாவும் மூச்சு வாங்க ஓடிவந்தாள். உம்மா எடுத்த போன் கோலுக்குக் குச்சவெளி வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள். பலகையை ஒரு தரம் பார்த்தாள், வாப்பாவை ஒரு தரம் பார்த்தாள்.

"உம்மாவா கேட்டது?" என்றார் ஹாஜியார். "அப்ப என்னத்துக்கு மகள் இவ்வளவு நாளும் உலகத்து மனிசரையெல்லாம் கூட்டிட்டு வந்து என்ட உயிரை எடுத்த?"

"உம்மா கேட்டவ எண்டு சொன்னாக் கட்ட விட்டிருப்பீங்களா? பொம்பிளையளுக்கு என்ன தெரியும் எண்டிருப்பீங்க. பெரிய ஆம்பிளையள்ட பேரைச் சொன்னாலாவது கேப்பீங்க எண்டு பார்த்தன். அவங்களையும் நீங்க விட்டு வைக்கல்ல."

தம்பிராசா இருமினார். சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

"உனக்கு என்னத்துக்கு ஓட்டை?" ஹாஜியார் பெண்சாதியின் பக்கம் திரும்பினார்.

"அஸ்மியா இத்தா இருந்தது ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமலா? புருஷன் மௌத்தானால் பெண் நாலு மாதம் பத்து நாள் வெளியாண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். அஸ்மியாவும் தன் வீட்டில் இருந்தாள்.

"நீங்க ஹோலில இருந்து 'மகள் சுகமா' எண்டு கேட்டுட்டுப் போயிருவீங்க. உள்ளுக்க அவளோட கிடந்தது நான். பக்கத்து மேல்மாடியில ஆம்பிளையள் எண்டு ஜன்னலுக்கெல்லாம் சீலை அடிச்சது. பின்னுக்குக் காலாற நிக்க ஒரு துண்டு நிலம் இல்ல. ஓரங்குலமும் விடாமக் கட்டினீங்களே! பெருநாள் தக்பீர் கேக்குது. 'உம்மா, பிறை எப்பிடி இருக்கு?' எண்டு என்னட்டக் கேக்கிறாள். பிறை எப்பிடி இருக்கும் எண்டு ஒரு பிள்ளை கேக்கிறதா? மார்க்கம் வீட்டில இருக்கத்தான் சொன்னது. வானத்தைப் பாக்க வேணாமெண்டு சொல்லல்ல. அது உங்கட வீடு சொன்னது."

அந்த வீட்டில் ஒரு குறை சொல்லச் சொல்லித்தான் அவர் இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லியாயிற்று. ஆனாலும் ஹாஜியார் உடனே அடங்குகிற ஆளில்லை.

"சரி, அது முடிஞ்ச கதை. கலியாண வீட்டில என்னத்துக்கு இத்தாக் கதை? ஹுஸ்னியாக்கு அப்பிடியொண்டும் வராது, இன்ஷா அல்லாஹ்."

"ஹுஸ்னியாக்கு இல்ல. எனக்கு."

"உனக்கு என்ன வந்த?"

"கடைசி மகள்ட வீட்டிலதானே நாம இருக்கப் போறம். நீங்க போனா நான் இஞ்சதானே இருப்பன்."

"நான் எங்க போறன்?" என்று கேட்டுவிட்டார் ஹாஜியார். கேட்ட பிறகுதான் விளங்கியது.

துறைமுகப் பக்கம் ஏதோ ஒரு கப்பல் ஊதியது.

"அடி பாவி!" என்றார் கடைசியில். "அப்ப என்னைய மௌத்தாக்கிப் போட்டா படம் கீறினீங்க, உம்மாவும் மகளும்?"

றுக்கியா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். ஹுஸ்னியா கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுபதை நெருங்குகிறவர், சீனி வருத்தம், பிரஷர், நெஞ்சு அடைப்புக்கு வயரும் வைத்தாகிவிட்டது. கணக்கில் பிழை இல்லை. அதுதான் அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"பலகையைக் கழட்டு, தம்பிராசா. ஏன் பாத்திட்டு நிக்கிற? கழட்டு!"

அந்த நேரம் பார்த்துக் கோல் எடுத்தவர் அப்துல் மஜீத். கூரை என்னமாதிரி என்று கேட்டார். ஹாஜியார் தொண்டையைச் செருமினார்.

"கூரை போட மாட்டம். உங்களுக்குத் தெரியாது, பாவா எண்டு ஒரு பெரிய மனிசன்... ஓம், இலங்கைதான். அவர்ட வீட்டைக் கல்லுக் கல்லாக் கழட்டிக் கொண்டுபோய் வச்சிருக்காங்க. துருக்கியில ஸினான்... என்ன, மழையா? மழை பெய்யத்தானே முத்தம்! ஹசன் பத்ஹியைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? வாங்களன் நாளைக்கு, வடிவாச் சொல்லுறன். உங்கட மகனுக்கு ஒரு குடை நானே வாங்கிக் குடுக்கிறன்."

ஹுஸ்னியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பலகைகள் ஒவ்வொன்றாக இறங்க, வெளிச்சமும் இறங்கியது. "எழும்பு" என்று றுக்கியாவை எழுப்பிவிட்டு ஹாஜியார் அந்தக் கதிரையில் தானே போய் இருந்தார். அவளுடைய உயரத்துக்குச் சற்றுப் பதிந்து இருந்து, கழுத்தைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் பார்த்தார். கிழக்குச் சுவருக்கு மேலால் பக்கத்து வீட்டு மேல்மாடி ஜன்னல் அரைவாசி தெரிந்தது. இவ்வளவு பேரைப் படித்தவளுக்கு இது கண்ணில் படவில்லையே!

"தம்பிராசா, அந்தச் சுவரை இன்னும் நாலு கல்வரி உயர்த்து."

"இது காணும், ஹாஜியார். சுவரோட ஒட்டி நிண்டால் ஒண்டும் தெரியாது. வேணுமெண்டால் பிறகு பாத்து உயர்த்தலாமே."

"பிறகு ஆர் பாக்கிறது? இப்பவே உயர்த்து. அந்த நேரம் வந்து பாக்க எனக்கு ஏலாது."