ரிலீவர் வரவில்லை

எப்சிபா காலை ஷிப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது, புருஷன் ஜீவானந்தம் வெள்ளைச் சட்டையும் மடியில் வேதப் புத்தகமுமாகக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் வேலைக்குப் போய் ஒரு வாரமாகிறது. பிள்ளைப்பாக்கத்துக் கூட்டத்தில் யாரோ ஓர் ஊழியக்காரர், ஆண்டவரின் வருகை இதோ நெருங்கிவிட்டது என்று முழங்கிவிட்டுப் போனாலும் போனார், அன்றிலிருந்து இதே கோலம்தான். ஆண்டவர் வருவார் என்று எப்சிபாவும்தான் நம்புகிறாள். அதற்காக வாளியில் ஊறுகிற துணி தானாகத் துவைத்துக்கொள்ளுமா?

"இன்னாய்யா, இன்னிக்கும் போவலியா?"

அவன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. இசக்கி. மனைவி பேச்சியோடு பிழைக்க வந்த திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், ஜீவானந்தத்தின் மெஷினில் முந்தின ஷிப்ட் பார்க்கிற கான்ட்ராக்ட் ஆள். அடுத்த ஷிப்டுக்கான ரிலீவர் வந்து கை வைக்கும்வரை மெஷினை விட்டு நகரக் கூடாது என்பது அங்கே சட்டம். ஜீவானந்தம் வராத நாளெல்லாம் இசக்கிதான் இரண்டு ஷிப்ட் நின்றான்.

ஜீவானந்தம் ஸ்பீக்கரைப் போட்டான்.

"அண்ணாச்சி, இன்னைக்காவது வாரியளா? பேச்சிக்கு வலி எடுத்துட்டு. பக்கத்து வீட்டுக்காரவ வாலாஜாபாத் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காவ. தலைப்பிரசவம், எங்களுக்கு இங்க யாரு இருக்கா? ஆள் வந்தாத்தான் விடுவேங்காரு சூப்பர்வைசரு."

"ஜெபிக்கிறேன் தம்பி. ஆண்டவர் சீக்கிரம் வர்றாரு, தைரியமா இரு."

மெஷின் இரைச்சலுக்கு நடுவே இசக்கி கேட்டான்.

"அவரு வரட்டும் அண்ணாச்சி. நீங்க எப்ப வருவிய?"

போன் கட்டாகிவிட்டது. எப்சிபா கொடியிலிருந்த யூனிபார்மை உருவி அவன் மேல் வீசினாள்.

"தூ, நீயும் ஒரு விசுவாசி! அந்தப் புள்ள உன்னிய நம்பி நின்னுகினு கீது. எழுந்திரு!"

"மெஷினாண்ட நிக்கிறப்போ அவர் வந்துட்டா?" ஜீவானந்தத்தின் குரல் உடைந்தது. "நான் ரெடியா இல்லன்னு விட்டுட்டுப் போயிடுவாரோன்னு பயமா கீதுடி."

அட, இதற்குத்தானா இத்தனையும்? அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

"வேலை செஞ்சுகினு இருக்கறவன விட்டுட்டுப் போற ஆளாய்யா அவரு? நீ இங்க குந்திகினு கீறத பார்த்தாத்தான் முகத்த திருப்பிப்பாரு. வண்டில ஏறு!"

வழியெல்லாம் அவள் திட்டினாள். கம்பெனி கேட்டில் இறங்கியதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடினான். சற்றைக்கெல்லாம் இசக்கி கையுறையைக்கூடக் கழற்றாமல் வெளியே ஓடிவந்தான்.

"அக்கா, அண்ணாச்சி என் கையப் புடிச்சுட்டு அழுதாவ..."

"அவரு அழுகையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், ஏறுடா!"

வாலாஜாபாத் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அவள் ஸ்கூட்டியை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. பேச்சியைப் பிரசவ அறைக்குள் தள்ளிக்கொண்டு போக இருந்தார்கள். இசக்கியைப் பார்த்ததும் அந்தப் பெண் எட்டி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்சிய? எப்ப வருவியன்னு அந்த வாசலையே பாத்துட்டுக் கெடந்தேனே!"

கதவையே பார்த்து உட்கார்ந்திருந்த ஜீவானந்தத்தின் முகம் நினைவுக்கு வர, எப்சிபா பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.