மாற்றிச் சொன்ன நேர்ச்சை

போனில் மகளின் விமானம் தடம் மாறி நின்றபோது சகாயமேரியின் கையில் அச்சுமுறுக்கு அச்சு இருந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. காய்ந்த எண்ணெயில் அச்சை முக்குவதும், மிக்சிமேல் சாய்த்து வைத்த போனை ஒரு பார்வை பார்ப்பதுமாக அந்தச் சாயங்காலம் அவளுக்கு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மகள் ஸ்வீட்லின் கனடாவில் விமானம் ஓட்டப் படிக்கிறாள். ஆவடி குவார்ட்டர்ஸில் விளக்குப் போடும் நேரம் அங்கே காலை. அவள் ஏறும் குட்டி விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஆப் ஒன்றைக் கணவர் பால்ராஜ் போட்டுக் கொடுத்திருந்தார். திரையில் மஞ்சளாக ஒரு பொம்மை விமானம் நகரும். அது இறங்கி, ஊர்ந்து, கொட்டகைக்குப் போய்ச் சேரும்வரை சகாயமேரியின் வாய் 'அருள்நிறைந்த மரியே'யை நிறுத்தாது. "பொண்ணு பெட்ரோல்ல ஓட்றாளா, உன் ஜெபமாலைல ஓட்றாளான்னே தெரில" என்று பால்ராஜ் கிண்டலடிப்பார்.

இன்றைக்கு அது கொட்டகைக்குப் போகவில்லை. ஓடுபாதையை விட்டு விலகி, குறுக்கே திரும்பி நின்றது. கொஞ்ச நேரத்தில் திரையை விட்டே காணாமல் போனது.

முதலில் நெட்டைத்தான் திட்டினாள். பிறகு மகளுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வாசலில் காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்த பால்ராஜ் உள்ளே வந்து தன் போனிலிருந்து முயன்றார். அதுவும் ஓய்ந்தது. "பாத்ரூம் போயிருப்பா" என்றார். விமானத்துக்குள் ஏது பாத்ரூம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும், ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பாக்டரியில் பீரங்கி வண்டிகளோடு மல்லுக்கட்டிய மனிதர், கையில் நட்சத்திரத்தின் ஒயரைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளைபோல விழித்தார்.

சகாயமேரி பிரிட்ஜ் மேலிருந்த மாதா சுரூபத்தின் முன்னால் போய் நின்றாள். செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. "மாதாவே, எம்பொண்ண உசுரோட குடு. இனிமே அவள மேல ஏற உடமாட்டேன். இது சத்தியம்." சொன்னது அவளுக்கும் மாதாவுக்கும் மட்டும்தான் கேட்டது.

சத்தியம் காற்றில் காயுமுன்னே போன் அடித்தது.

வீடியோவில் ஸ்வீட்லின் முகம். மூக்கு சிவந்து, புருவத்தின் மேல் ஒரு பிளாஸ்திரி. "டாடி, மம்மி, நான் நல்லாருக்கேன். போன் பையில மாட்டிக்கிச்சு, அதான் எடுக்க முடில."

சகாயமேரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நடுவில் மகளைத் திட்டவும் செய்தாள். முறுக்கு மாவு கரைத்துக்கொடுக்க வந்திருந்த பக்கத்து வீட்டு பஞ்சவர்ணம், "தோ, கொயந்த கல்லாட்டம் கீறா! நீ இன்னாத்துக்கா அழுவுற? எண்ண தீயுது, அத்தப் பாரு" என்று அடுப்பை அணைத்தாள். வீடெல்லாம் கருகல் வாசனை. அப்படி ஒரு நல்ல வாசனையை அவர்கள் யாரும் முகர்ந்ததில்லை.

நடந்தது இதுதான். தனியாக ஓட்டிக்கொண்டு வந்து சரியாகத்தான் இறக்கியிருக்கிறாள். பனியை வழித்துத் தள்ளியிருந்தாலும் அடியில் கண்ணாடிபோல ஐஸ். பக்கவாட்டுக் காற்று ஒன்று தள்ள, சக்கரம் வழுக்கி, ஓரத்தில் குவித்திருந்த பனிமேட்டுக்குள் விமானம் மூக்கைச் செருகிக்கொண்டது. பெல்ட் இறுக்கிப் பிடித்ததால் தப்பித்தாள். பயிற்சிப் பள்ளி அறையில் இருந்த ஸ்வீட்லின் போனை ஜன்னல் பக்கம் திருப்பினாள். வெள்ளைக் குவியலில் தலையைப் புதைத்து, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது அது. பால்ராஜ் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மம்மி, நீ மட்டும் தனியா வாயேன்."

சகாயமேரி போனோடு பின்கட்டுக்குப் போனாள்.

"நாளன்னிக்கே திரும்ப ஏறணும்னு சொல்றாரு எங்க சாரு. உட்டா பயம் உள்ள குந்திக்குமாம். எனக்குக் கை நடுங்குது மம்மி. டாடியக் கேட்டா ஏறுன்னுவாரு. நீ சொல்லு. வேணாம்னா ஊட்டுக்கு வந்துடறேன்."

ஒரே ஒரு சொல். 'வந்துடு' என்றால் போதும். சத்தியமும் நிறைவேறும், பிள்ளையும் கண்முன்னால் இருப்பாள். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவள் அம்மாவைப் பார்க்கவில்லை. அவள் கண் ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. "மூக்குதான் மம்மி ஒடஞ்சிருக்கு. சரி பண்ணிடலாம்னாங்க" என்றாள், தானாகவே, யாரும் கேட்காமல். அடிபட்ட கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசுகிற குரல். மாதா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தேதான் சகாயமேரி சொன்னாள்.

"ஏறு. நல்லா சாப்ட்டுட்டு ஏறு."

சொல்லிவிட்டாளே தவிர, மனம் ஒரு நிலையில் இல்லை. கொடுத்த வாக்கை அதே சாயங்காலம் மீறினால் மாதா என்ன நினைப்பாள்? மறுநாள் காலையில் கணவரிடமும் பஞ்சவர்ணத்திடமும் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அவ படிப்ப நீ எப்பிட்றி நேந்துக்குவே? அது உன்னுதா?" என்று பால்ராஜ் தலையில் அடித்துக்கொண்டார்.

பஞ்சவர்ணம் மாரியம்மனோடு பல வருடப் பேச்சுவார்த்தை நடத்தியவள். "மாத்திச் சொல்லலாங்கா. எங்கம்மாவாண்ட நான் சொல்லிக்கீறேன். ஆனா கொறச்சி மட்டும் சொல்லக் கூடாது. உன்னுத எதுனா குடு, மன்சுக்கு வலிக்கிற மாரி."

தன்னுடையது என்று சகாயமேரி யோசித்தாள். அதிக நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை வயதிலும் இடுப்புக்குக் கீழே தொங்குகிற கூந்தல். பூசைக்குப் போனால் பின்வரிசைப் பெண்கள் கண் வைப்பதாக அவளே பெருமையாகக் குறைபட்டுக்கொள்கிற கூந்தல்.

"தையில வானகரத்துல உன் தம்பி பையன் கல்யாணம் இருக்கு மேரி" என்றார் பால்ராஜ் பாவமாக.

"இருக்கட்டும். கல்யாணத்துக்கு வர்றவங்க பொண்ணப் பாக்காம என்னையா பாக்கப் போறாங்க?"

வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுவர நாளில்லை. மகள் திரும்ப ஏறும் நாளன்று சலூன் கன்னியப்பன் வீட்டுக்கே வந்தார். கத்தியை எடுத்தவர் தயங்கி, "நெஜமாவாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். விழுந்த முடியைச் சகாயமேரி மஞ்சள் துணியில் முடிந்து வைத்தாள், பிறகு வேளாங்கண்ணியில் சேர்த்துவிட. அழக்கூடாது என்றிருந்தாள், கொஞ்சம் அழுதாள்.

சாயங்காலம் ஸ்வீட்லின் கூப்பிட்டாள். காதில் ஹெட்போன், பின்னால் இறக்கையின் ஒரு துண்டு. சகாயமேரி அவசரமாகப் புடவைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

"இன்னா மம்மி, முக்காடு?"

"இங்கயும் குளுருதாண்டி."

மகள் சிரித்தாள். கை நடுங்கவில்லை என்று காட்டுவதற்குக் கையை ஆட்டினாள். கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. "வர்றேன் மம்மி" என்று வைத்தாள்.

சகாயமேரி வாசல்படியில் வந்து உட்கார்ந்து தலைப்பை விலக்கினாள். மார்கழிப் பனி அவளுடைய வெறும் தலையில் முதன்முதலாக இறங்கியது. உச்சியில் சில்லென்று, பிறந்த குழந்தைக்குப் போல எல்லாம் புதிதாக இருந்தது. பால்ராஜ் தன் துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார், போர்த்தலாமா வேண்டாமா என்று தெரியாமல்.