லொரெட்டாவுக்கு ஒரு பெலினி

பக்கத்து வீட்டு லொரெட்டா எதையும் லேசில் வாங்குகிற மனுஷி இல்லை. ஸ்ரீதேவி கொண்டுபோன தங்கச் சங்கிலியை அன்றைக்கே திருப்பித் தந்துவிட்டார். பட்டுச் சேலையை விரித்து, தடவிப் பார்த்து, மெச்சி, பழையபடி மடித்துக் கொடுத்தார். இத்தாலிக்குப் போய்வர டிக்கெட் எடுத்துத் தருகிறோம் என்று ஸ்ரீதேவியின் புருஷன் துரை சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். ஸ்ரீதேவி வேலிக்கு மேலால் நீட்டும் இறால் பொரியலை மட்டும் வேண்டாம் என்றதில்லை. ஆனால் துரைக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைத் தந்தவருக்கு இறால் பொரியலோடு நன்றி சொல்லி முடித்துவிட முடியுமா?

அது நடந்த விதத்தை ஸ்ரீதேவி யாருக்குச் சொன்னாலும் முதலில் நம்பமாட்டார்கள். அவர்கள் கனடாவில் பிக்கரிங் என்ற ஊரில் வீடு வாங்கி வந்த காலம் தொட்டு, பனி கொட்டினால் துரை தங்கள் டிரைவ்வேயைத் துப்பரவாக்கிய கையோடு லொரெட்டாவின் டிரைவ்வேயையும் தள்ளிவிடுவார். லொரெட்டா அப்போது வயதான தாயோடு தனியாக இருந்தார். கண்டால் கையசைப்பது, கிறிஸ்மஸுக்கு ஒரு கேக், இரண்டு வீட்டுக்கும் அவ்வளவுதான் பழக்கம். பிறகு ஒரு குளிர்காலத்தில் இரண்டு டிரைவ்வேயிலும் பனி அப்படியே கிடந்தது. தாயும் போய்ச் சேர்ந்திருந்தார். லொரெட்டா பூட்ஸோடு வந்து கதவைத் தட்டினார்.

துரை டயாலிசிஸ் முடித்து வந்து சோபாவில் சுருண்டு கிடந்தார். ஸ்ரீதேவியின் இரத்தம் அவருக்குப் பொருந்தவில்லை. ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் துரையின் தம்பி ராகுலனும் பரிசோதித்துப் பார்த்தான், அவனுக்கும் சரிவரவில்லை. இனிக் காத்திருக்க வேண்டியதுதான், வருடக்கணக்காகவும் ஆகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

லொரெட்டா எல்லாவற்றையும் கேட்டார்.

"அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரை வாசல்வரை நேராக உருட்டிக்கொண்டு வந்தார்கள்," என்றார் பிறகு. "தெரு முழுக்க முழங்கால் அளவு பனி. எங்கள் வாசலில் மட்டும் இல்லை. அதற்குப் பிறகும் அம்மா இரண்டு கோடை பார்த்துவிட்டுத்தான் போனார்."

துரைக்கு அப்படி ஒரு நாள் ஞாபகத்திலேயே இல்லை. "என்னையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு லொரெட்டா எழுந்து போனார்.

வாய்வார்த்தைக்குச் சொல்கிறார் என்றுதான் ஸ்ரீதேவி நினைத்தாள். ஆனால் லொரெட்டா தானே போன் எடுத்தார், தானே ஆஸ்பத்திரிக்குப் போனார், பொருந்துகிறது என்ற செய்தியையும் தானே வந்து சொன்னார். அடுத்த கோடையில் துரைக்கு மறுபிறவி கிடைத்தது.

அதற்கு ஒரு வருடம் ஆகப்போகிற ஆகஸ்டில், வேலியோரம் நின்று ஸ்ரீதேவி மறுபடியும் கேட்டாள். "எங்களிடமிருந்து உங்களுக்கு ஏதாவது வேண்டும். சொல்லுங்கள்."

"நீ விடமாட்டாய்," என்றார் லொரெட்டா. "சரி, எனக்கு ஒரு பெலினி செய்து தா."

ஏதோ கேக் வகை என்றுதான் ஸ்ரீதேவிக்குப் பட்டது. லொரெட்டா விளக்கினார். வெள்ளைப் பீச் பழத்தை மசித்துக் கிளாஸில் விட்டு, அதன்மேல் புரோசெக்கோ என்கிற நுரைக்கும் வைனை வார்ப்பதுதான் பெலினி. லொரெட்டாவின் தாய் இத்தாலியில் வெனிஸுக்குக் கிட்டப் பிறந்தவர். வருடா வருடம் வெள்ளைப் பீச் வருகிற கிழமையில் ஒரு கிளாஸ் கலந்து மகளிடம் நீட்டுவார்.

"அம்மா போன பிறகு நானே கலந்து பார்த்தேன். சரிவரவில்லை. அது இன்னொருவர் கையால் வாங்கிக் குடிக்கிற சாமான்."

கட்டாயம் செய்து தருகிறேன் என்று ஸ்ரீதேவி சொல்லிவிட்டாள். வீட்டுக்குள் வந்து கதிரையில் இருந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

அந்த வீட்டுக்குள் ஒரு போத்தல் மதுவும் நுழைந்ததில்லை. ஸ்ரீதேவியின் ஒரே அண்ணன் சண்முகலிங்கம் குடித்துக் குடித்தே ஈரல் பழுதாகி, ஸ்காபரோவில் ஓர் அப்பார்ட்மெண்டில் தனியாகக் கிடந்து செத்தவர். அந்த அறையைத் துப்பரவாக்கியவள் ஸ்ரீதேவிதான். கட்டிலுக்கடியில் உருண்ட போத்தல்களும் மெத்தையில் ஊறிக்கிடந்த நாற்றமும் அவளை விட்டுப் போகவே இல்லை. மகளின் கலியாணத்திலும் மண்டபத்துக்குள் ஒரு சொட்டு வரக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றவள். சம்பந்திகள் முகம் சுளித்தும் அவள் மாறவில்லை.

துரைக்கு இதெல்லாம் தெரியும். "இஞ்சேரும், உதுக்கேன் இவ்வளவு யோசிக்கிறீர்?" என்றார். "கடையில நுரைக்கிற கிறேப் ஜூஸ் விக்கினம். அதை விட்டுக் கலந்தால் சரி. லொரெட்டா ஒண்டும் நினைக்க மாட்டா."

"அவ உங்களுக்கு அரைக் கிட்னியோ தந்தவ?"

துரை எழுந்து கார்ச் சாவியை எடுத்தார்.

வெள்ளைப் பீச் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. பிளாசாவில் இருந்ததெல்லாம் மஞ்சள். கடைசியில் சனிக்கிழமைச் சந்தையில் நயாகராப் பக்கத்துத் தோட்டக்காரி ஒருத்தி, பெட்டிக்கடியிலிருந்து ஒரு சின்னக் கூடையை எடுத்துத் தந்தாள். விரல் பட்டாலே கன்றிவிடும், மடியில் வைத்துக்கொண்டு போ என்றாள். ஸ்ரீதேவி அப்படியே மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்; துரை காரை மெல்ல ஓட்டினார்.

எல்.சி.பி.ஓ. மதுக்கடைக்குள் அவள் தனியாகத்தான் போனாள். இத்தனை வருடம் கனடாவில் இருந்தும் அதன் வாசற்படி மிதிக்காதவள். சுவர் நெடுகப் போத்தல்கள். கையில் கிடைத்த புரோசெக்கோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு காசாளரிடம் போனாள். நரைத்த தாடிக்காரர் அவர். விருந்தா, சமையலுக்கா என்று சும்மா கேட்டார்.

"ஒரு பெண் என் கணவருக்குச் சிறுநீரகம் தந்தார். அந்தப் பெண் பெலினி கேட்டார்," என்றாள் ஸ்ரீதேவி ஆங்கிலத்தில்.

அவர் அவளைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார். கவுண்டரை விட்டு வெளியே வந்து, உள்ளே போய், வேறொரு போத்தலோடு திரும்பினார். விலை ஏறக்குறைய அதேதான். "இது பழத்தை அமுக்காது," என்றார். "பழத்தையும் நன்றாகக் குளிரவிடுங்கள். பழம் முதலில், வைன் பிறகு. அவசரப்படாமல் ஊற்றுங்கள்." வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் துரை காரைவிட்டு இறங்காமல் சொன்னார். "பின்வளவில மேசை போடுறன். போத்தல் உள்ளுக்கை வரத்தேவையில்லை."

ஸ்ரீதேவி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வேண்டாமப்பா. அவவை வளவில இருத்தி அனுப்பேலாது. உள்ளுக்கையே வைப்பம்."

மறுநாள் பின்னேரம் லொரெட்டா நீலச் சட்டை போட்டுக்கொண்டு, உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தார். "டாக்டரிடம் கேட்டுவிட்டேன், ஒரு கிளாஸுக்குத் தடையில்லை" என்று சொல்லிக்கொண்டே சாப்பாட்டு மேசையில் அமர்ந்தார். ஸ்ரீதேவி பழத்தைத் தோலுரித்து, நிறம் மாறாமல் இரண்டு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டு அரைத்து, வடித்துக் குளிரவைத்திருந்தாள். துரை துவாயால் பொத்திப் போத்தலைத் திறந்தார். சத்தம் பெரிதாக இல்லை. யாரோ பெருமூச்சு விட்டதுபோல.

ஸ்ரீதேவி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். கட்டிலுக்கடி நாற்றம் வரப்போகிறது என்று காத்திருந்தாள். வரவில்லை. பச்சை அப்பிள் வெட்டிய மணமும், பீச்சின் மணமுந்தான் வந்தன. முதல் கிளாஸ் பொங்கி மேசைவிரிப்பில் வழிந்தது. இரண்டாவதை அவள் கிளாஸைச் சரித்து, கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தாள். வெளிர் ரோஜா நிறத்தில் நுரை ஏறி நின்றது. இரண்டு கையாலும் எடுத்து லொரெட்டாவிடம் நீட்டினாள்.

லொரெட்டா ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். நெடுநேரம் திறக்கவில்லை.

"அம்மா இவ்வளவு பழம் போடமாட்டார்," என்றார். "இதுதான் நல்லாயிருக்கிறது. அவருக்குக் கேட்டுவிடப் போகிறது."

பிறகுதான் துரைக்கும் ஸ்ரீதேவிக்கும் பீச்சோடு சோடா விட்டு வைத்திருந்த மற்ற இரண்டு கிளாஸையும் கவனித்தார். துரைக்கு மருந்துகளோடு ஆகாது என்பது அவருக்குத் தெரியும். "நீ ஏன் சோடாவில் குடிக்கிறாய்?"

ஸ்ரீதேவி ஏதோ சாட்டுச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் துரை முந்திக்கொண்டு, மைத்துனரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். லொரெட்டா கிளாஸைக் கீழே வைத்தார்.

"முதலே சொல்லியிருந்தால் தேநீர் கேட்டிருப்பேனே."

"தேநீர் கேட்டிருந்தால் தேநீர் தந்திருப்பேன்," என்றாள் ஸ்ரீதேவி. "நீங்கள் கேட்டது இது. குடியுங்கள், தயவுசெய்து."

லொரெட்டா கிளாஸைத் திரும்பவும் எடுத்தார். எப்படிச் செத்தார் என்று அவர் கேட்கவில்லை. "உன் அண்ணன் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் யாரும் ஸ்ரீதேவியிடம் கேட்டதில்லை. அவளும் தன்னிடம் கேட்டதில்லை. சொல்லத் தொடங்கினாள். டவுன்ரவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே அண்ணை அவளைக் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்தார். அவள் வந்து இறங்கியது தை மாதம். விமான நிலைய வாசலில் அண்ணை கையில் ஒரு சிவப்புக் கோட்டோடு நின்றார், அவள் அளவுக்கு இரண்டு மடங்கு பெரிய கோட். அதைப் போட்டுவிட்டு, தான் வெறும் ஸ்வெட்டரோடு பார்க்கிங்வரை நடந்தார். "எனக்குக் குளிர் பழகீட்டுது" என்றார். அந்தக் குளிர் ஒருவருக்கும் பழகாது என்று அவளுக்கு விளங்க ஒரு வருடம் எடுத்தது.

சொல்லி முடித்தபோது ஸ்ரீதேவியின் கன்னம் நனைந்திருந்தது. முகத்தில் என்னவோ சிரிப்புத்தான். துரை அந்தக் கோட்டின் கதையை முதன்முறையாகக் கேட்டார்.

லொரெட்டா கிளாஸை உயர்த்தினார். "உன் அண்ணனுக்கு," என்றார். சண்முகலிங்கம் என்ற பெயரைச் சொல்ல முயன்று, பாதியில் சிக்கி, மறுபடியும் முயன்றார். துரையும் ஸ்ரீதேவியும் சோடாக் கிளாஸ்களை உயர்த்தினார்கள்.

லொரெட்டா போன பிறகு துரை மேசைவிரிப்பை உருவி எடுத்தார். ஸ்ரீதேவி ஜன்னலோரம் நின்றாள்.

"வாற மாதம் அண்ணையின்ர திவசம்," என்றாள். "இந்த முறை கோயிலோட விடாமல் வீட்டிலயும் சமைப்பம். அவருக்கு நண்டுக் கறி எண்டால் உயிர். திவசத்தண்டைக்கு மச்சச் சாப்பாடு ஆகாது, அடுத்தநாள் வைக்கலாம், என்ன?"

"வைக்கலாம். ராகுலனுக்கும் சொல்லுவம்."

"லொரெட்டாவுக்கும் சொல்லவேணும்," என்றாள் ஸ்ரீதேவி. "அவ நண்டு சாப்பிடுவாவோ தெரியேல்லை. நாளைக்குக் கேக்கிறன்."