பூஜ்யத்தில் வைத்த குமிழ்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவள் பக்கத்து வீட்டு வெர்லீன் ஹோஸ்காம்ப். கொடுத்தாள் என்பதுகூடச் சரியில்லை. தபால் பெட்டியருகே நின்றுகொண்டிருந்தபோது, "அன்னிக்கு அந்த விவாதம் பாக்கப் போனேனே" என்று ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் எங்கள் இருவர் விரல்களும் குளிரில் விறைத்துவிட்டன. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்கோ. யாரையும் அழ வெச்சுடாத" என்றாள்.

முதல் வாக்கியமாக இதை வைத்தேன்: அன்று அயோவா முழுவதும் பனி கொட்டிக்கொண்டிருந்தது, வெர்லீனின் மனதைப் போலவே அந்த

(வேண்டாம். அன்று வெயில். பனி கொட்டிய நாள் வேறு.)

2

அமெரிக்க அதிபர் வேட்பாளராகக் கட்சி யாரை நிறுத்துவது என்ற உட்கட்சிப் போட்டியின் தொலைக்காட்சி விவாதம் அது. ஓர் ஆய்வு நிறுவனம் வாக்காளர்கள் சிலரை அயோவாவின் தலைநகர் டெ மொய்னில் ஒரு கூடத்தில் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, கையில் வைத்துத் திருப்புகிற, எண்கள் போட்ட குமிழ் ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொடுத்தது. பேச்சு பிடித்தால் நூறை நோக்கித் திருப்ப வேண்டும், பிடிக்காவிட்டால் பூஜ்யத்தை நோக்கி. எல்லோருடைய குமிழும் சேர்ந்து திரையின் அடியில் ஒரே கோடாக ஓடும்.

முதல் பிரதியில் வெர்லீனைக் கசந்துபோனவளாக எழுதியிருந்தேன். பொய். யாரையாவது பிடித்துப்போக வேண்டும் என்றுதான் போனாள். போட்டியாளர்களில் ஒருவரான செனட்டர் லெனோர் பிளைத்துக்கு ஆதரவாக, அவர் பெயர் போட்ட பலகையை வீட்டுப் புல்வெளியில் நட்டவள் அவள். பிளைத் கூலி உயர்வு பற்றிப் பேசியபோது அவள் கை தானாகவே தொண்ணூறைத் தாண்டியது.

3

பிறகு அந்தக் கேள்வி வந்தது. சிற்றூர் மருத்துவமனைகளில் பிரசவ வார்டுகளை மூடுகிறார்களே, என்ன செய்யப்போகிறீர்கள்?

எங்கள் ஊர் வார்டை மூடிய அடுத்த குளிர்காலத்தில் வெர்லீனின் மகள் கேலாவுக்கு வலி கண்டது. பெரிய மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். பனியில் வண்டியை ஓட்டியவள் வெர்லீன். வழியில், ஒரு சோளக் கிடங்கின் ஓரமாக நிறுத்திய வண்டியிலேயே குழந்தை பிறந்தது. அது

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. வெர்லீன் சொன்னது இவ்வளவுதான்: "பையன். மூச்சு விடல.")

கூடத்தில் அவள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். பதில் சொல்ல வந்தது பிளைத். "நான் மூணு பெத்தவ. அந்த வலியெல்லாம் ஒண்ணுமில்ல, இவங்களோட இந்த மேடையில நிக்கிறதுதான் கஷ்டம்" என்றார். திரையில் விவாத அரங்கம் சிரித்தது. அருகில் நின்ற இன்னொரு போட்டியாளர், ஒரு ஆளுநர், ஏதோ பதிலடி கொடுத்தார். மறுபடியும் சிரிப்பு. நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. அடுத்த கேள்வி எல்லைப் பாதுகாப்பு.

கோடு விறுவிறுவென்று ஏறியிருந்தது. வெர்லீன் தன் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். அப்புறம் திருப்பவேயில்லை.

4

கருவிகளைக் கவனித்துக்கொண்டிருந்த கிரிஃபின் குனிந்தபடி வந்தான்.

"மேடம், உங்க மெஷின் நின்னுபோச்சா?"

"இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு."

"என் திரையில உங்க கோடு மட்டும் அசையவே மாட்டேங்குது."

"நான்தான் அசைக்கல."

"கொஞ்சமாவது ஏத்தி இறக்கணும், மேடம். யாராவது ஏதாவது நல்லது சொல்லியிருப்பாங்கல்ல?"

"நானும் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

(கிரிஃபினைக் கல்நெஞ்சக்காரன் ஆக்கிவிடலாம் என்று பார்த்தேன். வரவில்லை. அவன் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். கருவியையும் மாற்றிப் பார்த்தான். புதியதும் பூஜ்யத்திலேயே நின்றது.)

முடிந்ததும் நிறுவனத்துப் பெண் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். "ஒரு கருவி மட்டும் கோளாறு. அதை எடுத்துட்டுத்தான் கணக்குப் போட்டிருக்கோம், கவலை வேண்டாம்." கோட்டை மறுபடி ஓட்டிக் காட்டினாள். பிரசவ வார்டுக் கேள்விதான் அன்றைய உச்சம்.

5

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் வெர்லீன் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்கிறாள், கூடம் வாயடைத்துப்போகிறது. எழுதும்போது எனக்கு நிறைவாக இருந்தது. அவளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முடிவில் புல்வெளிப் பலகையைப் பிடுங்கி எறிகிறாள். ஆனால் பலகை இன்னும் நிற்கிறது. "பிடுங்கிட்டு அந்த எடத்துல யார நடுறது?" என்று என்னிடமே கேட்டாள்.

நடந்தது இது. அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது கேலா போனில் அழைத்தாள். கேலா மறுபடி உண்டாகியிருக்கிறாள், ஐந்தாம் மாதம். வார்டு மூடியபடியேதான் இருக்கிறது. அவளும் வீட்டில் விவாதத்தைப் பார்த்திருந்தாள்.

"அம்மா, நம்ம கேள்வி வந்துச்சே. நான் எழுந்து தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. என்ன சொன்னாங்க?"

வெர்லீன் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். நான் எழுதிப் பார்த்த பதில்களில் பொய்யானவை எல்லாம் கேலாவுக்கு ஆறுதலாக இருந்தன. உண்மையான ஒன்றே ஒன்றை எழுதியவுடன் அடித்துவிட்டேன்.

தொலைபேசியை உங்களிடம் தருகிறேன். கேலா இன்னும் லைனில்தான் இருக்கிறாள்.